எம்.பி.பி.எஸ். முதல் வருடத்தில் ஆங்கி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

முதல் வருடம் சேர்ந்து அனாடமியில் அப்பர் லிம்ப் (கை) முடிவதற்குள் சீனியர் யாராவது ஒருவர் "ஆங்கி போடு" என்று சொல்லிவிட்டுப் போவார். எதைப் போடுவது, எவ்வளவு போடுவது என்று சொல்லமாட்டார். ஆங்கி (Anki) என்பது கேள்வி-பதில் கார்டுகளை நாள் குறித்துத் திரும்பத் திரும்பக் கேட்டு, படித்ததை நினைவில் நிறுத்தும் செயலி. தேடிப் பார்த்தால் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்க மாணவர்கள் தங்கள் தேர்வை மனதில் வைத்து எழுதியவை. அவர்களுடைய பெரிய தேர்வு முழுக்கக் கொள்குறி வினா. நமக்கோ பெரும்பாலும் கட்டுரை வினா, சிறு குறிப்பு, வைவா (வாய்மொழித் தேர்வு), ஸ்பாட்டர் (மாதிரியைக் காட்டி அடையாளம் கேட்பது). இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் அப்படியே பின்பற்றுகிறவர்களில் பலர் இரண்டாவது மாதமே ஆங்கியைப் போனிலிருந்து அழித்துவிடுகிறார்கள். நான் தட்டுத்தடுமாறி ஓர் ஒழுங்குக்கு வந்த பிறகு, தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்கும் ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன். அடிப்படை முறை எல்லா ஊர் மருத்துவ மாணவர்களுக்கும் பொருந்தும்.

ஆங்கி செய்வது இவ்வளவுதான்: ஒரு கேள்வியைக் காட்டும், பதிலை நீங்கள் மனதுக்குள் வரவழைக்க வேண்டும், பிறகு பதிலைக் காட்டும், எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வந்தது என்று ஒரு பொத்தானை அழுத்துவீர்கள். அதை வைத்து அந்தக் கார்டை அடுத்து எந்த நாளில் கேட்பது என்று அது முடிவு செய்யும். சரியாகச் சொல்லச் சொல்ல இடைவெளி நீளும்: சில நாள், சில வாரம், சில மாதம். தெரியாததை அது கற்றுக்கொடுக்காது. தெரிந்துகொண்டதை மறக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

தொடங்கும் முன் ஒன்று. புதிய கார்டு ஒவ்வொன்றும் தவணைக் கடன் மாதிரி. வாங்கும் நாளில் வலிக்காது. அடுத்த பல மாதங்களுக்கு உங்கள் நேரத்தைத் தவணையாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல், இந்தக் கடனை அளவோடு வாங்குவது எப்படி என்பதைப் பற்றித்தான்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

மென்பொருளுக்கு முன் காகிதங்கள். நான்கு வேண்டும்.

ஒன்று, பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள்கள், குறைந்தது ஐந்து வருடத்துக்கு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் படிப்பவர்களுக்கு இவை சீனியர்களிடமும் நூலகத்திலும் சுலபமாகக் கிடைக்கும். எந்தத் தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியாமல் கார்டு எழுதினால் எல்லாமே முக்கியமாகத் தெரியும்.

இரண்டு, தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்தில் உள்ள திறன் பட்டியல். அனாடமிக்கு ஏஎன், பிசியாலஜிக்கு பிஒய், பயோகெமிஸ்ட்ரிக்கு பிஐ என்று எண்ணிட்டு வரும். கார்டுகளுக்கு டேக் (தலைப்பைக் காட்டும் குறிச்சொல்) போட இது உதவும்.

மூன்று, பாடத்துக்கு ஒரே ஒரு புத்தகம். மூன்று ஆசிரியர்களிடமிருந்து கார்டு எடுத்தால் ஒரே விஷயத்துக்கு மூன்று பதில் வந்து நிற்கும்.

நான்கு, உங்கள் வகுப்புக் குறிப்பும், நீங்களே கையால் வரைந்த படங்களும்.

செலவுக் கணக்கு சின்னது. விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் ஆங்கி இலவசம். ஆண்ட்ராய்டு போனில் ஆங்கிடிராய்டு இலவசம். ஐபோனில் மட்டும் ஆங்கிமொபைல் செயலிக்கு 24.99 டாலர், நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல், ஒரே முறை கட்டினால் போதும். அதைக் கட்ட வசதியில்லாத ஐபோன்காரர்கள் ஆங்கிவெப் தளத்தை போனின் உலாவியிலேயே திறந்து ரிவ்யூ செய்யலாம், அதாவது அன்றைக்கு முறை வந்த பழைய கார்டுகளுக்குப் பதில் சொல்லலாம். இணையம் வேண்டும், வசதிகள் குறைவு, ஆனால் ஒரு பைசா செலவில்லை. லேப்டாப் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஆங்கிடிராய்டின் இப்போதைய பதிப்புகளில் கார்டு எழுதுவது, படத்தில் பெயர்களை மறைத்துக் கேட்பது, அமைப்புகளை மாற்றுவது எல்லாமே போனில் நடக்கும். கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் ஆட்-ஆன்கள் மட்டும் கணினியில்தான் ஓடும், முதல் வருடத்தில் அவற்றுக்கு அவசியமே இல்லை.

நேரக் கணக்கு: அமைத்து முடிக்க ஒரு மாலை. அதன்பின் தினமும் ஒரு மணி நேரத்துக்குள் ரிவ்யூ, கூடவே கார்டு எழுத அரை மணி. இதை ஒதுக்க முடியாது என்று தோன்றினால் ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் தொடங்குங்கள். என் தேர்வு அனாடமி.

2. சரியான செயலியை நிறுவுவது

முதல் பொறி இங்கேதான். செயலிக் கடைகளில் ஆங்கி என்ற பெயரை ஒட்டிக்கொண்டு பல போலிகள் இருக்கின்றன. சில மாதச் சந்தா கேட்கும், சில உங்கள் கார்டுகளை வெளியே எடுத்துப்போக விடாது. ஆண்ட்ராய்டில் 'ஆங்கிடிராய்டு' (AnkiDroid) என்ற பெயரையும், ஐபோனில் 'ஆங்கிமொபைல்' (AnkiMobile) என்ற பெயரையும் எழுத்துக்கு எழுத்து பார்த்து நிறுவுங்கள். ஆங்கிமொபைலுக்கு ஒருமுறை விலை உண்டு, சந்தா கிடையாது. மாதாமாதம் பணம் கேட்கிறதென்றால் நீங்கள் வேறு எதையோ நிறுவியிருக்கிறீர்கள்.

அடுத்து ஆங்கிவெப்பில் ஓர் இலவசக் கணக்கு. போனையும் கணினியையும் இணைப்பது இதுதான். இரண்டாவது சாதனத்தை முதன்முதலாக இணைக்கும்போது "பதிவேற்றவா, பதிவிறக்கவா" என்று கேட்கலாம். அவசரத்தில் எதையாவது தட்டிவிடாதீர்கள். பதிவேற்று என்றால் இந்தச் சாதனத்தில் இருப்பது ஆங்கிவெப்பில் இருப்பதை அழித்துவிட்டு உட்காரும். பதிவிறக்கு என்றால் ஆங்கிவெப்பில் இருப்பது இந்தச் சாதனத்தில் இருப்பதை அழிக்கும். கார்டுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். அதன்பிறகு ஒரு பழக்கம் போதும்: திறந்ததும் ஒரு சிங்க் (ஆங்கிவெப்போடு ஒத்திசைப்பது), மூடும் முன் ஒரு சிங்க்.

3. தொட வேண்டிய அமைப்புகள், தொடக்கூடாதவை

கார்டுகளின் தொகுப்பை டெக் என்பார்கள். அந்த டெக்கின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் தலை சுற்றும். பயப்படாதீர்கள். மாற்ற வேண்டியவை நான்கைந்துதான்.

ஒரு நாளைக்கான புதிய கார்டு: 20 என்று வரும். முதல் இரண்டு வாரம் 10 ஆக்குங்கள். பழகிய பிறகு 20. முப்பதைத் தாண்டாதீர்கள்.

ஒரு நாளைக்கான அதிகபட்ச ரிவ்யூ: 200 என்று வரும். இதை 9999 ஆக்குங்கள். உச்சவரம்பு வைத்தால் வேலை குறையும் என்று தோன்றும், குறையாது. பாக்கி கண்ணில் படாமல் உள்ளே குவியும், அவ்வளவுதான். எத்தனை பாக்கி என்பது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

எஃப்.எஸ்.ஆர்.எஸ்.: ஒரு கார்டை அடுத்து எப்போது கேட்பது என்று முடிவு செய்ய, 2023 முதல் ஆங்கியோடு சேர்ந்தே வரும் புதிய கணக்கீட்டு முறை. அமைப்புப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். 'டிசையர்டு ரிடென்ஷன்' 0.90 என்று இருக்கும். கேட்கும் சமயத்தில் பத்தில் ஒன்பது கார்டு நினைவில் இருக்கும்படி நாள் குறி என்று அதற்கு அர்த்தம். 0.97 வைத்தால் எல்லாமே நினைவில் நிற்குமே என்று ஆசைப்படுவோம். அந்த அளவுக்குப் போனால் ரிவ்யூ எண்ணிக்கை பல மடங்காகும். 0.90-ஐ அப்படியே விடுங்கள்; மூச்சு முட்டினால் 0.85 வரை இறக்கலாம்.

லேர்னிங் ஸ்டெப்: புதிய கார்டை எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பக் காட்டுவது என்பது. 10 நிமிடம் என்ற ஒற்றைப் படி போதும். எஃப்.எஸ்.ஆர்.எஸ். இயங்கும்போது ஒரு நாளோ அதற்கு மேலோ நீளும் படிகளை வைக்கக்கூடாது.

'பரி' என்ற பகுதி: ஒரே குறிப்பிலிருந்து பிறந்த கார்டுகளை அடுத்தடுத்துக் காட்டாமல் மறுநாளுக்குத் தள்ளுவது. அதில் இருக்கும் மூன்று பொத்தான்களையும் இயக்குங்கள். இல்லையென்றால் ஒரு கார்டின் பதில் அடுத்த கார்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவற்றுக்குப் பிறகு மாதம் ஒருமுறை 'ஆப்டிமைஸ்' பொத்தானை அழுத்தினால் உங்கள் நினைவாற்றலுக்கு ஏற்பக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். வேறெதையும் தொடாதீர்கள். அமைப்புகளை நோண்டிக்கொண்டே இருப்பது படிப்பது போன்ற ஒரு நிம்மதியைத் தரும். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் படித்திருக்கமாட்டீர்கள்.

4. சொந்தக் கார்டா, ரெடிமேட் டெக்கா?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. முதல் வருடத்துக்கு என் பதில்: சொந்தக் கார்டு. சந்தேகமே வேண்டாம்.

உலகத்தில் பிரபலமான ரெடிமேட் டெக் 'ஆங்கிங்'. அமெரிக்க உரிமத் தேர்வுக்காக உருவானது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்டுகள். அதன் புதுப்பிப்புகள் இப்போது ஆங்கிஹப் என்ற சந்தா சேவை வழியாக வருகின்றன. மாதம் சுமார் 5 டாலர். உழைப்பும் தரமும் உள்ள டெக்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 20 புதிய கார்டு என்றால் 30,000 கார்டுக்கு 1,500 நாள், நான்கு வருடத்துக்கு மேல். முதல் வருடத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 300 நாள், ஆறாயிரம் கார்டு. அந்த ஆறாயிரத்தை உங்கள் பல்கலைக்கழகம் கேட்கும் கேள்விகளுக்குச் செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம்.

எண்ணிக்கையை விட்டாலும் உள்ளடக்கம் இடிக்கும். நம் அனாடமித் தேர்வு கேட்கும் விவரம் அந்த டெக்கில் பாதி இருக்காது. மருந்துகளின் பெயர் மாறும்: நாம் பாராசிட்டமால் என்பதை அவர்கள் அசிட்டமினோஃபென் என்பார்கள், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின், சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால். இதையாவது சமாளித்துவிடலாம். காசநோய்க்கு வாருங்கள். நம் தேசியத் திட்டத்தில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால் என்று மூன்று மருந்து. அமெரிக்க டெக்கில் அந்த நான்கு மாதத்துக்கு எத்தாம்பியூட்டால் இருக்காது, இரண்டே மருந்துதான். அதை மாதக்கணக்கில் மனதில் பதித்துவிட்டு இங்கே கம்யூனிட்டி மெடிசின் வைவாவில் போய்ச் சொல்லிப் பாருங்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுவது நம் தடுப்பூசி அட்டவணையில் முதல் வரி. அங்கே அது வழக்கத்திலேயே இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்து வரும் நோயாளியும், அரளி விதை அரைத்துக் குடித்து வரும் நோயாளியும் நம் வார்டில்தான் இருப்பார்கள். அந்த டெக்கில் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் வருடத்தில் பேத்தாலஜி, ஃபார்மகாலஜி, மைக்ரோபயாலஜிக்கு அந்த டெக் நன்றாகவே கைகொடுக்கும். அப்போதும் ஒரு விதி: இறக்கியதும் எல்லாக் கார்டையும் 'சஸ்பெண்ட்' செய்துவிடுங்கள் (அழியாமல் இருக்கும், ஆனால் கேட்காது). வகுப்பில் நடத்திய தலைப்பின் டேக்கைத் தேடி, படித்துப் பார்த்து, தேவையான கார்டை மட்டும் விடுவியுங்கள். படிக்காத தலைப்பைக் கார்டில் முதன்முதலாகச் சந்திப்பதுபோல் வீண் வேலை வேறில்லை.

டெலிகிராம் குழுக்களில் சுற்றும் டெக்குகள் பற்றி ஒரு வார்த்தை. பல, கோச்சிங் நிறுவனங்களின் கட்டணக் குறிப்புகளைப் படம்பிடித்து ஒட்டியவை. காப்புரிமைப் பிரச்சினை ஒருபுறம் இருக்க, யார் எழுதியது, யார் சரிபார்த்தது என்று தெரியாத பதில்களை வருடக்கணக்கில் மனப்பாடம் செய்யப் போகிறீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

5. கார்டு எழுதுவது

இந்தப் படியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு சரியில்லை என்றால் மற்ற எந்த அமைப்பும் காப்பாற்றாது.

முதல் விதி, புரிந்த பிறகே கார்டு. வகுப்பு முடிந்து, புத்தகத்தில் ஒருமுறை படித்து, படம் வரைந்து பார்த்து, அதன்பிறகு எழுத உட்காருங்கள். அன்றைக்கே எழுதுவது நல்லது, மறுநாளுக்கு மேல் தள்ளாதீர்கள்.

இரண்டாவது, ஒரு கார்டுக்கு ஒரு பதில். "ரேடியல் நரம்பைப் பற்றி எழுதுக" என்பது வினாத்தாளுக்குச் சரி, கார்டுக்குச் சரியில்லை. பாதி தெரிந்து பாதி தெரியாமல் நிற்பீர்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே புரியாது. அதை உடைத்துப் பாருங்கள்:

ஹியூமரஸ் எலும்பின் நடுப்பகுதி உடைந்தால் எந்த நரம்பு அடிபட வாய்ப்பு அதிகம்? ரேடியல்.
அதனால் மணிக்கட்டில் என்ன தெரியும்? ரிஸ்ட் ட்ராப்.
அதே எலும்பின் சர்ஜிக்கல் நெக் உடைந்தால்? அக்ஸிலரி நரம்பு.
மீடியல் எபிகாண்டைல் உடைந்தால்? அல்நார்.
ஸ்பைரல் க்ரூவில் ரேடியல் நரம்பு அடிபட்டாலும் ட்ரைசெப்ஸ் பெரும்பாலும் ஏன் தப்பிக்கிறது? அதன் லாங் ஹெட், மீடியல் ஹெட்டுக்கான கிளைகள் அதற்கு முன்பே அக்ஸிலாவில் பிரிந்துவிடுகின்றன.

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். 'ஏன்' என்று கேட்கும் கார்டு பத்தில் இரண்டாவது இருக்க வேண்டும். வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) உங்களைத் துருவுவது அந்த வகைக் கேள்வியில்தான். பிசியாலஜியில் இது இன்னும் அவசியம். கார்டியாக் சைக்கிளின் 0.8 வினாடியைப் பிரித்து எண்களாக மனப்பாடம் செய்துவிடலாம், ஆனால் "இதயத் துடிப்பு வேகமெடுத்தால் நேரம் அதிகம் குறைவது சிஸ்டோலுக்கா, டயஸ்டோலுக்கா? அதனால் கரோனரி ரத்த ஓட்டத்துக்கு என்ன ஆகும்?" என்று இரண்டு கார்டு எழுதினால், அந்த எண்களுக்கே ஒரு பொருள் வரும்.

பட்டியல்கள் எல்லாருக்கும் தலைவலி. எக்ஸ்டர்னல் கரோடிட் தமனியின் எட்டுக் கிளைகளையும் ஒரே கார்டில் கேட்டால் வாரத்துக்கு இரண்டு முறை தோற்பீர்கள். பிரித்துக் கேளுங்கள். முன்பக்கம் பிரிவது மூன்று: சுப்பீரியர் தைராய்டு, லிங்குவல், ஃபேஷியல். பின்பக்கம் இரண்டு: ஆக்ஸிபிடல், போஸ்டீரியர் ஆரிக்குலர். உள்பக்கம் ஒன்று: அசெண்டிங் ஃபாரிஞ்சியல். முடிவில் இரண்டு: மாக்ஸிலரி, சூப்பர்ஃபிஷியல் டெம்பொரல். நான்கு கார்டு, கூடவே "மொத்தம் எத்தனை, எப்படிப் பிரியும்?" என்று ஒன்று: மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. தேர்வில் கட்டுரை எழுதும்போது உபதலைப்பும் இதிலேயே கிடைத்துவிடும்.

பயோகெமிஸ்ட்ரி அட்டவணைகளுக்கு இருபக்கக் கார்டு. வான் கியர்க்கே நோயில் குறைவது எந்த என்ஸைம்? குளுக்கோஸ்-6-ஃபாஸ்பட்டேஸ். திருப்பி, குளுக்கோஸ்-6-ஃபாஸ்பட்டேஸ் குறைந்தால் எந்த நோய்? ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் தானாக வரும் என்று நினைப்போம். மெக்ஆர்டில், போம்பே (Pompe), கோரி என்று இதே வகை நோய்கள் எல்லாம் சேர்ந்து வரும்போது அது வராது என்பது தெரியும்.

வாக்கியத்தில் ஒரு சொல்லை மறைத்துக் கேட்கும் 'க்ளோஸ்' வகை எழுதச் சுலபம், அதனால்தான் ஆபத்து. புத்தகப் பத்தியை அப்படியே ஒட்டி ஐந்து இடத்தில் மறைத்தால், சில வாரத்தில் வாக்கியத்தின் ஓட்டத்தை வைத்தே பதில் சொல்லத் தொடங்குவீர்கள், விஷயம் தெரிந்திருக்காது. வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், உங்கள் சொந்த நடையில் இருக்கட்டும்.

படத்தில் பெயர்களை மறைத்துக் கேட்கும் 'இமேஜ் ஆக்ளூஷன்' அனாடமிக்கு வரப்பிரசாதம். பிரேக்கியல் ப்ளெக்ஸஸ், க்யூபிடல் ஃபோசா, மூளையின் குறுக்குவெட்டு எல்லாவற்றுக்கும் இதுதான். ஆனால் ஹிஸ்டாலஜிக்கு ஒரே படத்தை வைக்காதீர்கள். அந்தப் படத்தின் நிறத்தையும் மூலையில் இருக்கும் மடிப்பையும் அடையாளம் வைத்துக்கொண்டு பதில் சொல்வீர்கள். ஸ்பாட்டரில் வேறு ஸ்லைடு வைத்தால் முழிப்பீர்கள். ஒரே திசுவுக்கு மூன்று, நான்கு வெவ்வேறு படம் வையுங்கள்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. டிசெக்ஷன் ஹாலில் உடலைப் போனில் படம் எடுத்துக் கார்டில் போடாதீர்கள். படிப்புக்காகத் தங்கள் உடலைக் கொடுத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை அது. கல்லூரி ஒழுங்கு நடவடிக்கையும் வரும். வார்டுக்குப் போகத் தொடங்கியபின் நோயாளியின் பெயர், படம், எக்ஸ்ரே எதுவும் கார்டில் ஏறக்கூடாது. டெக்கை யாருக்காவது பகிரும்போது அவையும் சேர்ந்தே போகும்.

தமிழ்வழிப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு, குறிப்பாக 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கு ஒரு யோசனை. கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், தேர்வு அதில்தான். கார்டின் பின்பக்கத்தில் கூடுதல் விளக்கத்துக்கு இருக்கும் இடத்தில் தமிழில் உங்கள் பாஷையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கி தமிழ் எழுத்தை எந்தச் சிக்கலும் இல்லாமல் ஏற்கும். முதல் சில மாதம் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் நேரத்தில் பாதி இதில் மிச்சமாகும். உச்சரிப்பு தடுமாறும் சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கலாம். வைவாவில் கூச்சம் குறையும்.

டெக்கைப் பிரிப்பதில் மிகையாகப் போகாதீர்கள். ஒரு தாய் டெக், அதற்குள் பாடத்துக்கு ஒன்று. தலைப்புகளுக்கு டேக் போதும். நாற்பது குட்டி டெக் வைத்தால் எந்த டெக் திறந்திருக்கிறதோ அந்தத் தலைப்பே துப்பாகிவிடும்.

6. தினசரி ஓட்டம்

வரிசை மாறக்கூடாது: முதலில் பாக்கி ரிவ்யூ, பிறகு புதிய கார்டு. ரிவ்யூவைக் காலையில் வகுப்புக்கு முன்போ, பஸ்ஸிலோ, மெஸ் வரிசையிலோ துண்டு துண்டாக முடிக்கலாம். புதிய கார்டுக்கு மட்டும் மேசையில் உட்காருங்கள். ஆங்கியின் நாள் அதிகாலை 4 மணிக்குத்தான் மாறும். இரவு ஒரு மணிக்குச் செய்தாலும் அன்றைய கணக்கில்தான் சேரும்.

தினம் 20 புதிய கார்டு எடுத்தால், சில மாதத்தில் ரிவ்யூ 150 முதல் 200 வரை வந்து நிலைக்கும். ஒரு கார்டுக்குப் பத்து வினாடி என்று வைத்தால் ஏறக்குறைய அரை மணி நேரம். ஒரு கார்டில் அரை நிமிடத்துக்கு மேல் யோசிக்கிறீர்கள் என்றால் அது தெரியாத கார்டு. பதிலைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

பொத்தான்கள் நான்கு. அவற்றில் இரண்டை மட்டும் பயன்படுத்தினாலே போதும்: தெரியவில்லை என்றால் 'அகெய்ன்', தெரிந்தால் 'குட்'. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது 'ஹார்டு' பொத்தானில். மறந்துபோன கார்டுக்கு மனசு கேட்காமல் அதை அழுத்துவார்கள். கஷ்டப்பட்டாவது சரியான பதில் வந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். மறந்ததற்கு அதை அழுத்தினால் எஃப்.எஸ்.ஆர்.எஸ். உங்களுக்கு நினைவு இருந்ததாகக் கணக்கு வைத்து இடைவெளியை நீட்டும். மொத்தக் கணக்கும் கோணலாகும்.

பதிலை வாய்விட்டுச் சொல்லுங்கள், அறையில் யாரும் இல்லாதபோதாவது. மனதுக்குள் "தெரியும், தெரியும்" என்று தள்ளிய கார்டுகள்தான் வைவா மேசையில் தொண்டையில் நிற்கும்.

ஒரு கார்டு எட்டு முறை தவறினால் ஆங்கி அதை 'லீச்' என்று குறிக்கும். அதை மேலும் முட்டி மோதாமல் கார்டைத் திருத்துங்கள். பெரும்பாலும் கேள்வி தெளிவில்லாமல் இருக்கும், அல்லது அந்தத் தலைப்பே புரிந்திருக்காது.

7. பாக்கி குவிந்துவிட்டால்

பொங்கல் லீவு, காய்ச்சல், இன்டர்னல் தேர்வு, அக்கா கல்யாணம். ஏதோ ஒன்றில் ஒரு வாரம் விடுபடும். திறந்தால் 900 என்று நிற்கும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் கைவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இது. புதிய கார்டைப் பூஜ்யமாக்குங்கள். ரிவ்யூ வரிசையை 'டிசெண்டிங் ரிட்ரீவபிலிட்டி' என்பதற்கு மாற்றுங்கள்; இன்னும் நினைவில் இருப்பவை முதலில் வரும், அவை நழுவும் முன் காப்பாற்றிவிடலாம். தினமும் இவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்துச் செய்யுங்கள், எண்ணிக்கை வைத்து வேண்டாம். பாக்கி தீரும்வரை புதிய கார்டு கிடையாது. வகுப்பு முன்னேறிக்கொண்டே போகுமே என்று பதறுவீர்கள். அந்தத் தலைப்புகளைப் புத்தகத்தில் படியுங்கள், கார்டு பிறகு எழுதலாம், அல்லது எழுதாமலே விடலாம். எல்லாத் தலைப்புக்கும் கார்டு வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

மொத்த டெக்கையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் ஆசை வரும். வேண்டாம்.

8. தேர்வு நெருங்கும்போது

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது புதிய கார்டை நிறுத்துங்கள். ரிவ்யூ மட்டும் ஓடட்டும். கார்டு எழுதிய நேரம் முழுவதையும் கையால் விடை எழுதுவதற்குக் கொடுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வருடப் பாடங்கள் மூன்றுக்கும் தலா இரண்டு எழுத்துத் தாள், தாளுக்கு 100 மதிப்பெண். மூன்று மணி நேரம் கை வலிக்க எழுத வேண்டும். படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். ஃப்ளோசார்ட் போட வேண்டும். ஆங்கியில் எல்லாக் கார்டுக்கும் பதில் சொல்கிற மாணவர், பிரேக்கியல் ப்ளெக்ஸஸை ஆறு நிமிடத்தில் வரைய முடியாமல் தவிப்பது சாதாரணமாக நடக்கிறது. பழைய வினாத்தாளை எடுத்துக் கடிகாரத்தை வைத்து எழுதுங்கள். விடையில் விட்டுப்போன விஷயத்துக்கு மட்டும் ஒரு கார்டு சேர்த்தால் போதும்.

தேர்வு வாரத்தில் மறுநாள் தாளுக்கான பாடத்தின் டெக்கை மட்டும் திறங்கள். மற்றவை குவியட்டும். பாடத்துக்கு ஒரு டெக் என்று பிரித்ததன் பயன் இப்போது தெரியும். வினாத்தாளில் அடிக்கடி வரும் தலைப்புகளை டேக் வழியாக 'கஸ்டம் ஸ்டடி' மூலம் ஒருமுறை ஓட்டலாம்.

9. முதல் வருடம் முடிந்த பிறகு

எல்லாக் கார்டையும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரு நாள் உட்கார்ந்து சலித்தெடுங்கள். நரம்பு அடிபட்டால் என்ன ஆகும், என்ஸைம் குறைந்தால் எந்த நோய், ஹார்மோன் எப்படி வேலை செய்கிறது என்பவை இரண்டாம் வருடத்துக்கும், பிறகு நீட் பிஜி (மேற்படிப்பு நுழைவுத் தேர்வு) எழுதும்போதும் தேவைப்படும், வைத்துக்கொள்ளுங்கள். தசையின் ஆரிஜின், இன்செர்ஷன் நுணுக்கங்களை சஸ்பெண்ட் செய்யலாம். அழிக்க வேண்டாம், சர்ஜரி அல்லது ஆர்த்தோ போஸ்டிங்கில் தேவைப்பட்டால் விடுவித்துக்கொள்ளலாம். நீட் பிஜி 200 கொள்குறி வினா என்பதால், அங்கே ஆங்கியின் பலம் முதல் வருடத் தேர்வில் இருப்பதைவிடக் கூடுதலாகவே தெரியும். ஆனால் அதற்காக இப்போதே தினம் நூறு கார்டு எடுக்கத் தொடங்காதீர்கள்.

போன் மாற்றும் முன், லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன், மொத்தக் கலெக்ஷனையும் மீடியாவோடு சேர்த்து எக்ஸ்போர்ட் செய்து ஒரு பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ போட்டு வையுங்கள். அந்தக் கோப்பைத் திரும்ப இம்போர்ட் செய்தால், அந்தச் சாதனத்தில் அப்போது இருப்பதை நீக்கிவிட்டுத்தான் உள்ளே வரும். ஜூனியருக்கு ஒரு பாடத்தை மட்டும் கொடுப்பதானால் அந்த டெக்கை மட்டும் தனியாக எக்ஸ்போர்ட் செய்து, உங்கள் ரிவ்யூ தேதிகள் சேராமல் இருக்க அட்டவணைத் தகவலுக்கான குறியை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.